கருடன் மேல் நான் கொடுத்த மனு

உங்களில் சின்ன வயதில் கோழிக்குஞ்சு வளர்த்தவர்கள் யாராவது இருந்தால், நான் சொல்லப்போவதில் பாதி அவர்களுக்குச் சொல்லாமலே புரிந்துவிடும். பொரித்து நாலு நாளான குஞ்சைக் கையில் எடுத்தால் உள்ளங்கை முழுவதும் ஒரு சூடு பரவும். கீழே விட்டால் ஓடும். ஓடுகிற வேகத்தில் தானே தடுக்கி விழும். அப்படிப் பதினோரு குஞ்சுகள் எனக்கு இருந்தன. வீட்டுக்கு அல்ல, எனக்கு. ஐந்தாம் வகுப்பு அரைப் பரீட்சையில் முதலாவதாக வந்ததற்காக அம்மா எனக்கென்று வாங்கித் தந்த பெட்டைக்கோழி அடைகாத்துப் பொரித்தவை. தை மாதக் கடைசியில் பொரித்தன. மாசி பாதியில் மூன்றுதான் மிச்சம்.

எடுத்துப் போனது கருடன். நானே பார்த்தேன். மத்தியான வெயிலில் முற்றத்தில் ஒரு நிழல் ஓடியது. கோழி தொண்டை கிழியக் கத்திக்கொண்டு இறக்கையை விரித்தது. குஞ்சுகள் அதன் அடியில் போய் ஒளிவதற்குள் ஒன்று மட்டும் எதிர்ப் பக்கம் ஓடிவிட்டது. அவ்வளவுதான். செங்கல் நிற இறக்கை, வெள்ளைத் தலை, காலில் தொங்கிய மஞ்சள் புள்ளி. அது மேலே ஏறிப் போய் வாய்க்கால் கரையில் நின்ற பெரிய மருத மரத்தில் உட்கார்ந்தது. செம்பருந்து என்று புத்தகத்தில் போட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் அது கருடன்தான். வட்டமிடுவதைக் கண்டால் நடந்துபோகிறவர்கள் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் என்பதால் எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. அந்த மத்தியானம் நான் மரத்தைப் பார்த்துக் கல்லெறிந்தேன். கல் பாதி தூரம்கூடப் போகவில்லை.

நாங்கள் அப்போதுதான் அந்த இடத்துக்குக் குடிவந்திருந்தோம். அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டி இருந்த வயல்களை வீடு கட்டும் சங்கம் ஒன்று வாங்கி மனைகளாகப் பிரித்திருந்தது. ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர், அவள் பேரில் ஒரு மனை. முதலில் எழுந்தது எங்கள் வீடு. சுற்றிலும் வேறு வீடு கிடையாது. எல்லைக் கற்கள் மட்டும் வெள்ளையடித்து வரிசையாக நின்றன. அந்த வருஷம் அந்த வயல்களில் பிசான நெல் நடவில்லை, மடையையும் அடைத்துவிட்டார்கள். சேறு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நான் அந்தப் பாளங்களை உடைத்து அடுக்கி வீடு கட்டுவேன். உள்ளே சில சமயம் செத்துக் காய்ந்த வயல்நண்டு இருக்கும். கொடுக்கு இரண்டையும் முகத்துக்கு நேராகத் தூக்கியபடி செத்திருக்கும். அதை நான் விளையாட்டுச் சாமானாகத்தான் பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பயிர் பச்சையாக நின்றது. அதற்கும் பின்னால், மேற்கே, பொதிகை மலை.

அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. எந்தக் கஷ்டத்தையும் முறையாக எழுதிக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று மனப்பூர்வமாக நம்பிய மனிதர். தெருவிளக்கு எரியாவிட்டால் மனு. பால்காரர் தண்ணீர் கலந்தால் அவருக்கே ஒரு மனு எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார். எட்டாவது குஞ்சு போன அன்று நான் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, அழுதா கருடனுக்குத் தெரியுமா? எழுதிக் குடு. சங்கத்துக்கு எழுதிக் குடு. ரோடு போடுததுக்கு அந்த மரம் எடைஞ்சல்னு எப்படியும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க."

கோடு போட்ட தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாதிரியே அனுப்புநர், பெறுநர், பொருள். 'பொருள்: கோழிக்குஞ்சுகளைத் தூக்கிச் செல்லும் கருடனின் கூடு உள்ள மருத மரத்தை வெட்டக் கோருதல்.' கீழே எட்டுக் குஞ்சுகளும் எந்தெந்தக் கிழமையில் போயின என்று எழுதினேன். 'எஞ்சியுள்ள மூன்று குஞ்சுகளின் உயிரைக் காக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்தேன். அப்பா இரண்டு இடத்தில் ஒற்றெழுத்துப் போட்டார். பிறகு தள்ளி வைத்துப் பார்த்து, "எழுத்து முத்து மாதிரி இருக்கு" என்றார்.

சங்கத்தின் செயலாளர் மளிகைக்கடை அண்ணாச்சி. நெற்றி நிறையத் திருநீறு, சைவர், ஆனால் கருடனைக் கண்டால் அவரும் கடைவாசலில் இறங்கி நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் கடைக்குப் பின்னால் கூட்டம் நடந்தது. மல்லியும் வற்றலும் மணக்கிற அறை. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பாதை நேராகப் போவதற்கு மரம் குறுக்கே நிற்கிறது என்று உறுப்பினர்கள் எல்லாரும் சொன்னார்கள். அண்ணாச்சி மட்டும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அப்பா என் மனுவை எடுத்துக் கொடுத்தார். அண்ணாச்சி அதைச் சத்தமாகப் படித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார். அண்ணாச்சி முகம் தெளிந்துவிட்டது.

"பச்சப்பிள்ள கேட்டிருக்கு. இதுக்கு மேல நாம என்ன சொல்ல? வெட்டிருவோம்" என்றார்.

எனக்கு அன்று ஒரு கை நிறையக் கற்கண்டு கொடுத்தார். நான் மிதந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். கருடன் கூட்டைக் கலைத்த பாவம் தன் பேரில் எழுதப்பட வேண்டாம், சின்னப் பிள்ளை பேரில் இருக்கட்டும் என்று அந்த மனுஷர் நினைத்திருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது. இந்த வயதில் நின்று பார்க்கும்போது அவர்மேல் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது.

மரம் வெட்டுகிறவர் செவ்வாய்க்கிழமை வந்தார். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், பனையேறிப் பழகிய கால். அன்று எனக்கு லேசாகக் காய்ச்சல், பள்ளிக்குப் போகவில்லை. அப்பா விடுப்பு எடுத்திருந்தார். அண்ணாச்சி குடையோடு வந்து நின்றார். மரம் வெட்டுகிறவர் கோடரியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, கூட்டுல குஞ்சு கெடக்கு. தாயி எரை கொண்டாந்து குடுத்துட்டுப் போவுது பாருங்க. ஒரு மாசம் பொறுத்தா அதுகளே பறந்துரும். பொறவு வெட்டலாம்."

"நாளைக்கு ஜல்லி வந்து எறங்குது வே. எப்படிப் பொறுக்க? இன்னா நிக்குல்லா, இந்தப் பிள்ளதான் எழுதிக் குடுத்திருக்கு. அதுட்டயே கேளும்."

அவர் என்னைப் பார்த்தார். அண்ணாச்சியும் பார்த்தார். அப்பாவும்தான். பெரியவர்கள் மூன்று பேர் ஒரு பத்து வயதுப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என் குஞ்சு எட்டுப் போச்சு. வெட்டுங்க" என்றேன்.

மரம் வெட்டுகிறவர் தலையை ஆட்டினார். "அப்பம் ஏறி எறக்கிருதேன்" என்று சொல்லிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினார். மருத மரத்தின் பட்டை வழவழவென்று வெள்ளையாக இருக்கும், பிடிமானம் கிடையாது. ஆனாலும் ஏறிவிட்டார். கூட்டுக்கு அருகில் போனதும் இரண்டு கருடனும் அவர் தலைமேல் பாய்ந்தன. அதன் குரல் கேட்டிருக்கிறீர்களா? அவ்வளவு பெரிய பறவைக்கு அந்தக் குரல் பொருந்தவே பொருந்தாது. பசித்த கைக்குழந்தை மூக்கால் அழுவது மாதிரி இருக்கும். அவர் ஒரு கையால் தலையை மறைத்துக்கொண்டு, மறு கையால் குஞ்சை எடுத்தார். ஒன்றைத் துண்டில் போட்டார். இரண்டாவதை எடுக்கும்போது தாய் இன்னொரு தடவை பாய்ந்தது. கை தவறிவிட்டது.

அது விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. பழம் விழுந்தது போலத்தான். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் இறங்கி வந்து, துண்டை என் முன்னால் விரித்தார். உயிரோடு இருந்தது அதில் உட்கார்ந்திருந்தது. அழுக்குப் பஞ்சு மாதிரி உடம்பு, பஞ்சுக்குள்ளிருந்து பழுப்பாக இறகு முளைகள் குத்திக்கொண்டு வந்திருந்தன. மீன் கவிச்சி அடித்தது. நான் குனிந்ததும் அது கழுத்தை நீட்டி, என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்தது. நான் யார், என்ன எழுதிக் கொடுத்தேன் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பசி.

மரம் மத்தியானத்துக்கு மேல் சாய்ந்தது. தரை அதிர்ந்து எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் சத்தம் போட்டன. அந்தக் கிளைகளுக்குள்ளே இவ்வளவு இருட்டா இருந்தது என்பது போல, சாய்ந்ததும் வாய்க்கால் கரை முழுக்க வெளிச்சமாகிவிட்டது.

அம்மா பள்ளியிலிருந்து வந்தபோது குஞ்சு பஞ்சாரத்துக்குள் இருந்தது. கோழி முற்றத்தின் அந்தக் கோடியில் நின்று கொக்கரித்துக்கொண்டிருந்தது. அப்பா பாலில் சோறு பிசைந்து கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா பையை வைத்துவிட்டு, மரத்தோடு விழுந்து கொட்டிக் கிடந்த கூட்டுச் சுள்ளிகளைப் பழைய செய்தித்தாளில் அள்ளிப் போட்டுப் பிரிக்க ஆரம்பித்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற அதே நிதானம். நண்டு ஓடுகள் ஒரு குவியல். எலி மண்டை மூன்று. தண்ணீர்ப் பாம்பின் முதுகெலும்பு, பாசிமணி கோத்தது போல நீளமாக. தவளைக் கால்கள், மீன் செதில். அடியில் மெத்தைக்குப் போட்ட காகிதம் ஒன்று வந்தது. அதைப் பிரித்த அம்மாவுக்கு முதல்முறையாக முகம் மாறியது.

"நாலாம் வகுப்புக் கணக்குத் தாள். நான் போட்ட மார்க்கு" என்றாள். நூற்றுக்கு இருபத்திரண்டு. வாங்கிய பையன் அதை வீட்டில் காட்டாமல் எங்கோ கிழித்து எறிந்திருக்க வேண்டும்.

கடைசியாக மஞ்சள் நிறக் குச்சிகள் போலச் சில கால்கள். அம்மா அவற்றைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"எத்தன குஞ்சு போச்சுன்னு எழுதுனே?"

"எட்டு."

"எட்டுக் குஞ்சுக்குப் பதினாறு காலு. இங்கன நாலுதான் கெடக்கு. மிச்சம் ஆறு குஞ்சு எங்கட்டி?"

மறுநாள் காலையில் தெரிந்தது. கருடன்கள் இரண்டும் விடிந்ததிலிருந்து மரம் நின்ற இடத்துக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. கோழிப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியும் எங்கள் மூன்று குஞ்சுகளில் ஒன்றைக் காணோம். அடுத்த வீடு கட்டுவதற்காக இறக்கி அடுக்கியிருந்த செங்கல்லுக்குள்ளே ஒரு வால் நுழைவதைப் பார்த்தேன். கீரி. அந்தச் செங்கல் வந்து இறங்கியது தை மாதத்தில்தான், என் குஞ்சுகள் பொரித்த அதே சமயம். அது பொந்துகள் நிறைந்த நல்ல குளிர்ச்சியான வீடு. கீரிக்கு நாங்களே கட்டிக் கொடுத்திருந்தோம்.

மனுவில் கீரி பற்றி ஒரு வரி கிடையாது. அப்பா அன்று சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார்: "எழுதுததுக்கு முன்னால போய்ப் பாக்கணும்ட்டி. நானும் பாக்கல. ஒனக்கும் சொல்லல." அவர் அந்த மாதிரிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் தட்டிலிருந்த அப்பளத்தை அவருக்கு வைத்தேன்.

பால்சோற்றைக் குஞ்சு தொடவில்லை. கிளைகளைத் துண்டு போட வந்த மரம் வெட்டுகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்குப் பாலும் சோறும் குடுத்தா எப்படித் திங்கும்? அயிர மீனு வாங்கிக் குடுங்க" என்றார். அப்பா சைக்கிளில் போய் வாங்கி வந்தார். ஈர்க்குச்சி நுனியில் துண்டு மீனைக் குத்தி நான் நீட்டினேன். பிடுங்கி விழுங்கியது. குச்சியையும் இழுத்தது. ஒரு சாயங்காலத்தில் அது தின்ற மீனைப் பார்த்து அம்மா, "நம்ம மூணு பேரு கொழம்பு" என்றாள். எனக்கு அதன்மேல் பாசம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். அதைக் கண்டால் எனக்குப் பயமாக இருந்தது. அது செத்துவிடக் கூடாது என்ற நினைப்புத்தான் ராத்திரியும் பகலும் இருந்தது. செத்தால் இரண்டாவது சாவுக்கும் என் கையெழுத்துத்தான்.

இரண்டாம் நாளும் கருடன்கள் போகவில்லை. ஒன்று வாயில் பாம்போடு வந்து, மரம் இருந்த உயரத்துக்கு இறங்கி, உட்கார இடம் இல்லாமல் மறுபடி மேலே போயிற்று. காற்றில் அந்த இடம் அதற்கு இன்னும் மரமாகவே இருந்தது. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மரம் வெட்டுகிறவர் பீடியைக் காலால் நசுக்கினார்.

"டீச்சரம்மா, ஒரு நல்ல ஓலப் பெட்டி இருந்தாக் குடுங்க. அங்கன ஒரு மருதம் நிக்குல்லா, அதுல ஏத்திக் கட்டிப் பாக்குதேன். எறக்குனது நாந்தான, நானே ஏத்திருதேன். தாயி வந்தா வரட்டும்."

"மனுசக் கை பட்டது சேக்காதுன்னு சொல்லுவாங்களே?" என்றார் அப்பா.

"கோழி சேக்குதா இல்லியா? பைய ஏத்துவோம் சார்."

அம்மா நெல் அள்ளுகிற ஓலைக் கடவத்தைக் கொடுத்தாள். உள்ளே பழைய கூட்டுச் சுள்ளிகளையே பரப்பி, குஞ்சை வைத்து, கயிறு கட்டி மேலே இழுத்தார். வெட்டிய மரத்திலிருந்து அறுபது எழுபது தப்படி தள்ளி, வாய்க்காலின் வளைவில் நின்ற இரண்டாவது மருதம் அது. கட்டிவிட்டு இறங்கி வந்தார். நாங்கள் வீட்டுக்குள் போய் ஜன்னல் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. குஞ்சு கத்துகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மரம் வெட்டுகிறவருக்கு அம்மா காப்பி கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் ஆறவிட்டுக் கையிலேயே வைத்திருந்தார்.

வந்தது. முதலில் ஒரு வட்டம், பிறகு அதைவிடச் சின்ன வட்டம். கடவத்தின் விளிம்பில் உட்கார்ந்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து உள்ளே பார்த்தது. பிறகு குனிந்து ஊட்ட ஆரம்பித்தது. மரம் வெட்டுகிறவர் ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "வாரேன்" என்று எழுந்து போய்விட்டார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைத்தான் அந்தப் பருவம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அறுப்பு நடந்தது. நெல் அறுத்த தாளுக்கு நடுவே தண்ணீர் மினுங்கும். புது வைக்கோல் வாசம் எங்கள் படுக்கை வரைக்கும் வரும். அறுக்கிறவர்களுக்குப் பின்னாலேயே கருடன்கள் தாழப் பறந்து எலியும் நண்டும் பொறுக்கின. காலையில் பள்ளிக்கு அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, செத்த மாட்டை இழுத்துப் போடுகிற பொட்டலைத் தாண்ட வேண்டும். அங்கே கழுத்தில் இறகில்லாத பாறுக் கழுகுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். இப்போது அந்தப் பொட்டலில் கடைகள் வந்துவிட்டன. பாறு ஒன்றுகூட இல்லை, அந்த ஊரில் மட்டுமல்ல, எங்கேயும் நான் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம்.

என் இரண்டு குஞ்சுகளும் தப்பித்தன. அப்பா செங்கல் அடுக்கை ஆள் விட்டு இடம் மாற்றினார். பழைய மீன்வலையை வாங்கிவந்து முற்றத்துக்கு மேலே பந்தல் போலக் கட்டினார். கருடன் அதற்குப் பிறகு எங்கள் முற்றத்துக்கு வரவே இல்லை. அறுப்பு தொடங்கிவிட்டதால் வருகிற தேவையும் அதற்கு இருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. முந்தின வருஷம் வரை அந்த மரத்தைச் சுற்றிலும் தண்ணீர் நின்ற வயல். அதில் நண்டு, தவளை, பாம்பு எல்லாம் கூட்டுக்குக் கீழேயே கிடைத்திருக்கும். அந்த வருஷம் மடையை அடைத்தோம். எதிர்க் கரையிலும் பயிர் அடர்ந்து நின்று தரையை மறைத்தது. பக்கத்தில் தின்ன ஒன்றும் இல்லாமல் போன சமயத்தில் என் பதினோரு குஞ்சுகளும் அதன் கண் முன்னாலே ஓடி விளையாடின. 'கருடன் கெட்டுப்போச்சு, கோழி திங்கப் பழகிட்டு' என்று பெரியவர்கள் சொன்னார்கள். வயல் காய்ந்ததையும் குஞ்சு போனதையும் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை. இத்தனைக்கும் காய்ந்த நண்டை வைத்து நான் தினமும் விளையாடிக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் ஒரு புதுச் சிக்கல் வந்தது. குஞ்சு வளர்ந்து கடவத்தின் விளிம்பில் நின்று இறக்கையடித்தது. அண்ணாச்சி பார்க்க வந்தார். நிமிர்ந்து பார்த்தவர் முகம் சுருங்கியது. சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. உடம்பெல்லாம் பழுப்பு, மேலே புள்ளி புள்ளி. இறைச்சிக் கடைக்கு மேலே சுற்றுகிற சாதாரணப் பருந்து மாதிரியே இருந்தது.

"இது கருடனே இல்ல. கள்ளப் பருந்து. குஞ்சு மாறிப் போச்சா, இல்ல மொதல்லயே இதானா?" என்றார்.

அதுவரை இரண்டாவது மருதத்தை யாரும் தொடவில்லை. கருடன் குஞ்சு இருக்கிறது என்ற ஒரே காரணம்தான். அந்த மரத்தடியில் தண்ணீர் மோட்டார் அறை கட்ட வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. அந்த வாரக் கூட்டத்தில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. சாதாப் பருந்துக்காக எதற்கு வேலையை நிறுத்த வேண்டும், இறக்கிவிட்டு வெட்டலாம் என்றார்கள். அம்மா அன்று கூட்டத்துக்கு வந்திருந்தாள். உறுப்பினராக இருந்தும் அதற்கு முன்னால் அவள் போனதில்லை. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். எழுந்து நின்றாள்.

"கருடன் இல்லன்னா அது பட்டினி கெடக்கணுமா அண்ணாச்சி? எம் மக எழுதிக் குடுத்ததுனால ஒரு மரம் போச்சு, ஒரு குஞ்சு செத்துச்சு. ஒருத்தரும் போயிப் பாக்கல, நாங்களுந்தான். இந்தத் தடவ போயிப் பாத்துட்டு முடிவு செய்யுங்க. நாளைக்கு நாலு மணிக்கு எங்க வீட்டுக்கு வாங்க எல்லாரும். ஊட்டுத தாயி யாருன்னு ஒங்க கண்ணாலயே பாருங்க."

வந்தார்கள். ஏழெட்டுப் பேர், வெள்ளை வேட்டி, பாதிப் பேர் கையில் குடை. வெடித்த வயலில் வரிசையாக நின்று மேலே பார்த்தார்கள். அம்மா எல்லாருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுத்தாள். நாலரை ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா பேச்சுக் கொடுத்து அவர்களை நிறுத்தி வைத்திருந்தார், மழை, ஆற்றில் தண்ணீர், பஸ் கட்டணம் என்று.

திடீரென்று அந்தக் கைக்குழந்தைக் குரல். ஆற்றுப் பக்கத்திலிருந்து நேராக வந்தது. வெயில் சாய்ந்து அடித்ததில் அதன் முதுகு துடைத்த செம்புப் பானை போல இருந்தது. காலில் ஒரு மீன், இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. கடவத்தின் விளிம்பில் இறங்கியது. பழுப்புக் குஞ்சு குனிந்து, இறக்கையைச் சிலிர்த்து, கத்தியது. வெள்ளைத் தலைத் தாய் மீனைக் கிழித்து அதன் வாயில் வைத்தது. ஒவ்வொரு துண்டாக, அவசரமே இல்லாமல்.

அண்ணாச்சி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நெறம் பொறவு வரும் போல" என்றார். பிறகு அப்பாவிடம், "மோட்டார் ரூம மேக்க தள்ளிக்கிட்டா என்ன? பத்தடிதான" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்தச் சிவப்பும் வெள்ளையும் வர அதற்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்று ரொம்பக் காலம் கழித்து நான் ஒரு புத்தகத்தில் படித்தேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை குஞ்சு பறந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பறந்தது என்பதைவிடக் கீழே விழுந்து, பாதியில் மனம் மாறியது என்று சொல்ல வேண்டும். வாய்க்கால் தண்ணீரைக் கால் தொடுகிற அளவுக்கு இறங்கி, மேலே ஏறி, எங்கள் வீட்டு மொட்டைமாடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது. அப்பாவின் சட்டை அங்கே காய்ந்துகொண்டிருந்தது. அதற்கும் சட்டைக்கும் நடுவில் ஒரு சாண்தான். கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தது. பிறகு போயிற்று. அம்மா என் தோளில் கை வைத்திருந்தாள். அந்தக் கையின் கனம் இப்போதும் தோளில் தெரிகிற மாதிரி இருக்கும், சில நாட்களில்.

நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். போஸ்டாபீஸ் வேலை, கல்யாணம், பிள்ளைகள், ஓய்வு எல்லாம் முடிந்து அம்மாவின் மனைக்கே திரும்பி வந்துவிட்டேன். சுற்றிலும் ஏழு தெருக்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் வீடுகள் வந்துவிட்டன, மிச்சம் இருக்கும் வயலில் வாழை. வாய்க்காலுக்குச் சிமெண்ட் போட்டபோது கருடன்கள் காணாமல் போயின. பத்துப் பதினைந்து வருஷம் வரவில்லை. பிறகு ஊர்க் குளத்தைத் தூர் வாரினார்கள், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் மீன் சந்தை வந்தது. ஒரு மார்கழியில் பார்த்தால் மருதத்தில் சுள்ளி சேர்ந்துகொண்டிருக்கிறது. பழைய ஜோடியின் வம்சமா, புதிதாகக் குடிவந்ததா, எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

போன மாசியில் மின்கம்பிக்கு இடைஞ்சலான கிளைகளை வெட்ட இரண்டு இளைஞர்கள் ஏணியோடு வந்தார்கள். மருதத்தின் ஒரு கிளை கம்பியை உரசிக்கொண்டிருந்தது உண்மைதான். நான் சேலையைச் செருகிக்கொண்டு வேகமாக இறங்கினேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டே போனேன், சண்டை போடவும் தயாராக. நான் போய்ச் சேருவதற்குள் ஏணியில் பாதி ஏறியவன் நின்று மேலே பார்த்தான்.

"ஏலே, கூடு இருக்குலே. குஞ்சு சத்தம் கேக்கு."

கீழே நின்றவன் கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தான். "ஆமால. எறங்கு. பங்குனி கழியட்டும், வந்து பாத்துக்கிடுவோம்" என்றான். உரசுகிற கிளையை மட்டும் கயிறு போட்டு அந்தப் பக்கம் இழுத்துக் கட்டினார்கள். ஏணியை மடக்கினார்கள்.

நான் அடுக்கி வைத்த எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "தம்பி, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றேன். ஆளுக்கு இரண்டு தம்ளர் குடித்தார்கள்.